சார்ந்ததன் வண்ணமாகும் இளமை

ஆன்மா தனித்து நிற்கும் இயல்புடையதன்று என்பது சைவசித்தாந்தம் வற்புறுத்தும் உண்மைகளுள் ஒன்றாகும். படிகத்தின் அருகே செம்மலரை வைத்தால் படிகம் சிவந்து தோன்றும்; நீலமலரை வைத்தால் நீலமாகத் தோன்றும். ஆன்மாவும் அவ்வாறே தான் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையைத் தனதாக்கிக் கொள்கின்றது. மெய்கண்ட சாத்திர மரபிலே 'சார்ந்ததன் வண்ணமாதல்' என இவ்வியல்பு பேசப்படும். பந்தம், முத்தி பற்றிய ஆராய்ச்சிக்கு மாத்திரம் உரிய கொள்கையாக இதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் சலூன் கதிரையில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் நடிகர் ஒருவரின் படத்தைக் காட்டி, "அண்ணை, இது மாதிரி வெட்டிவிடுங்கோ" என்று கேட்கும்போதும் அதே இயல்புதான் தொழிற்படுகின்றது.

இதனைக் கண்டு பெரியோர் மனம் நோவது வழக்கம். ஆயினும் பேரப்பிள்ளையின் தலைமயிரைக் குறைகூறும் பாட்டனார்கள் பலர், எழுபதுகளிலே காலடியில் அகல விரிந்த 'பெல்பொட்டம்' காற்சட்டையும் காதை மறைக்கும் முடியுமாக வின்சர், ராணி, மனோகரா தியேட்டர் வாசல்களில் வரிசையில் நின்றவர்களே. எம்.ஜி.ஆர். பெரிதா சிவாஜி பெரிதா என்று வாசிகசாலைத் திண்ணைகளில் வாதாடி, அதனால் சிலகாலம் முகங்கொடுத்துப் பேசாதிருந்தவர்களும் ஊருக்கு ஊர் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் நல்ல குடும்பத்தவராகவும் ஆலயத்தொண்டர்களாகவும் முதிர்ந்துள்ளனர். எனவே, இளையவர் ஒருவரை நாயகராக வரித்துக்கொள்வதையே குற்றமாகக் கருதுதல் நேர்மையாகாது. சார்பின்றி உயிர் நில்லாது என்று கூறும் சமயத்தவர், எவரையும் சாராதே என்று பிள்ளைக்கு எவ்வாறு கட்டளையிட முடியும்? ஆராயவேண்டியது, அந்த நாயகரிடமிருந்து பிள்ளை எதனை எடுத்துக்கொள்கின்றது என்பதாகும்.

எடுத்துக்கொள்ளப்படுபவை இருவகையின. சில, அணிந்துகொள்ளக் கூடியவை. காசு கொடுத்தோ கண்ணாடி முன் நின்று பழகியோ ஓரிரு நாளிற் பெற்றுவிடலாம். மற்றையவை, ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொள்ள வேண்டியவை. முத்தையா முரளிதரனைப் போலப் பந்துவீச முயலாத சிறுவர் இலங்கையிற் சிலரே இருப்பர். அவரது முழங்கை முழுமையாக நிமிராதிருப்பது பிறவியமைப்பு; அதனை எவரும் பின்பற்ற முடியாது. 1995 டிசம்பரில் மெல்பேர்ன் மைதானத்திலே நடுவர் அவரது பந்துகளை முறையற்றவை என அறிவித்தார். அதன் பின்னர் பல தடவை சோதனைகளுக்கு உட்பட்டும் பயிற்சியைக் கைவிடாது, 2010 இல் காலியில் நடைபெற்ற தமது இறுதி டெஸ்ட் போட்டியில் 800 ஆவது விக்கெட்டைப் பெற்றாரே, அந்தப் பொறுமை எவராலும் பின்பற்றத்தக்கது. ஒழுங்கைக்குள் விளையாடும் சிறுவர் எடுத்துக்கொண்டதோ, பெரும்பாலும், பந்தை வீசும் கணத்தில் அகல விரியும் அந்தக் கண்களைத்தான். வயதுக்கு அது இயற்கை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால்?

சினிமாவிலே இவ்விடயம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1917 இல் நாவலப்பிட்டியிற் பிறந்த எம்.ஜி.ஆர்., தமது படங்கள் பெரும்பாலானவற்றிலே புகைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்து நடித்தார். தம்மைப் பார்ப்பவர் தம்மைப்போல் ஆவர் என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம். அரசியலில் அவரை ஏற்காதோரும் இதனை மறுப்பதில்லை. அடுத்த தலைமுறையில் ரஜினிகாந்த் சிகரெட்டை மேலே எறிந்து உதட்டிற் பிடிக்கும் பாணி, கடல் கடந்தும் இளைஞர்களைக் கவர்ந்தது. 2002 இல் 'பாபா' படம் வெளியானபோது புகைக்கும் காட்சிகளுக்குத் தமிழ்நாட்டிற் பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2011 இல் கடும் நோயுற்றுத் தேறிய பின்னர், புகைத்தலைக் கைவிடுமாறு அவரே தமது ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். அவ்வாறு கேட்டது மெச்சத்தக்கது. எனினும் திரையிற் செய்து காட்டியதன் வேகத்தில், மேடையிற் சொன்ன சொல் பயணஞ் செய்ததா என்பது ஐயமே. செய்து காட்டுவது கண்வழியே நேராக உள்ளே போகின்றது. அறிவுரையோ செவிவாயிலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டியிருக்கின்றது.

அமெரிக்க உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1961 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையிலே 72 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். வளர்ந்தவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையொன்றை அடித்தும் உதைத்தும் நடக்கும் விதத்தைச் சிலருக்குக் காட்டினார். பின்னர் அதே பொம்மையுடன் விடப்பட்டபோது, அவ்வாறு கண்ட பிள்ளைகள் கண்டவாறே அடித்தனர். இது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாதது 1965 இல் வெளியான அவரது மற்றோர் ஆய்வு. அதிலே பொம்மையை அடித்தவர் இறுதியில் தண்டிக்கப்படுவதாக ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டப்பட்டது. இப்பிள்ளைகள் அடித்தது குறைவு. தண்டனை பயன் தந்துவிட்டதென்றே எவரும் எண்ணுவர். ஆனால், படத்திற் கண்டதைச் செய்து காட்டினால் பரிசு தருவோம் என்று சொன்னபோது, தண்டனையைப் பார்த்த பிள்ளைகளும் மற்றையோருக்குச் சமமாக அத்தனையையும் செய்து காட்டினர்! கற்றுக்கொள்ளாமல் அவர்கள் இருக்கவில்லை; கற்றதைத் தருணம் வரும்வரை உள்ளே வைத்திருந்தனர்.

'கடைசியில் வில்லனுக்கு அடி விழுகிறதுதானே' என்று படங்களுக்காக வாதாடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். இரண்டரை மணித்தியாலம் வாளோடு திரிந்தவன் இறுதி ஐந்து நிமிடத்திலே திருந்துவதால், பார்த்தவனின் உள்ளத்தில் வாள் உறைக்குள் போய்விடாது.

'எங்கட வீட்டிலை ஒருத்தருக்கும் அந்தப் பழக்கம் இல்லை' என்று ஆறுதல் கொள்ளும் பெற்றோருக்கும் ஒரு செய்தியுண்டு. 2003 இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஒருபோதும் புகைத்திராத சுமார் 2,600 வளரிளம் பருவத்தினரை ஓரிரு ஆண்டுகள் அவதானித்தது. திரைப்படங்களில் புகைத்தற் காட்சிகளை மிகுதியாகக் கண்டவர்கள், மிகக் குறைவாகக் கண்டவர்களைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகமாகப் புகைக்கத் தொடங்கினர். திரையின் தாக்கம் புகைக்காத பெற்றோரின் பிள்ளைகளிடமே கூடுதலாகக் காணப்பட்டதென்பது அதிலும் வியப்பானது. புகைப்பவர் வீட்டிற் பிள்ளை இருமலையும் நாற்றத்தையும் காசு கரைவதையும் நேரிற் காண்கின்றது. நல்ல வீட்டுப் பிள்ளையோ திரையில் அழகை மட்டுமே காண்கின்றது என இதனை விளங்கிக்கொள்ளலாம்.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலைப் பொருட்களுக்கும் மதுபானத்துக்குமான விளம்பரங்களைத் தடைசெய்தது. தொலைக்காட்சியில் இக்காட்சிகள் மங்கலாக்கப்படுவதையும் யாவரும் அறிவர். மங்கலுக்குள்ளே இருப்பது என்னவென்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும் என்பது வேறு கதை. சட்டம் வேண்டியதே; ஆனால் தலையணைக்கடியில் ஒளிரும் கைத்தொலைபேசிவரை அதன் கை நீளாது.

இவ்விடத்திலே ஒன்றைச் சொல்லாமல் விடுவது அநீதியாகும். 2009 இல் போர் முடிந்ததன் பின்வந்த ஆண்டுகளில் வடபகுதியில் வாள்வெட்டுக் குழுக்கள் தலையெடுத்தபோது, 'எல்லாம் படம் பார்த்துக் கெட்டது' என்று பலர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டனர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சிதறிய குடும்பங்கள், தகப்பன் இல்லாது வளர்ந்த பிள்ளைகள், வேலையின்மை, எளிதிற் கிடைத்த போதைப்பொருள், உழைப்பைக் காணாமல் வெளிநாட்டிலிருந்து வந்த காசு ஆகிய யாவும் அதனுள்ளே அடங்கியிருந்தன. சினிமா அந்தக் கோபத்துக்கு உடுப்பும் வசனமும் கொடுத்திருக்கலாம். கோபத்தைக் கொடுத்தது சினிமா மாத்திரமன்று. திரையைப் பழிப்பது சமூகத்துக்கு வசதியான வேலை. அதனாற் பலருடைய பொறுப்பு மறைந்துவிடுகின்றது.

கொடியவனின் கவர்ச்சி புதியதுமன்று. சூரன்போர் நடக்கும் வீதியிலே இளைஞர் கூட்டம் எந்தப் பக்கம் கூடுகின்றது? சூரனைத் தோளில் ஏற்றி ஆட்டுவதற்கே முண்டியடிப்பர். கச்சியப்ப சிவாசாரியாரும் சூரபன்மனைச் சிறியவனாகக் காட்டவில்லை. அவனது தவத்தையும் 1008 அண்டங்களை ஆண்ட செல்வத்தையும் விரிவாகவே பாடினார். ஆயினும் கந்தபுராணம் கேட்டு வளர்ந்த ஊர்களிலே பிள்ளைகள் சூரர்களாக வளர்ந்துவிடவில்லை. காரணம், கதை தனியே வரவில்லை. புராணபடனத்திலே ஒருவர் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்லுவார். அவ்வளவு தவம் செய்தவன் எங்கே வழுக்கினான், தம்பி சொன்ன புத்தியை ஏன் கேளாது விட்டான் என்று பயன் சொல்பவர் நின்று நிதானமாக விரித்துரைப்பார். வெற்றிலைத் தட்டின் அருகே இருந்த சிறுவன் கதையோடு பயனையும் கேட்டான். இன்றைய சிறுவன் இரவு பன்னிரண்டு மணிக்குக் காதில் இயர்போனுடன் தனியே கதை கேட்கிறான். பயன் சொல்ல அருகில் எவருமில்லை.

பிள்ளை பார்க்கும் படத்தைப் பிள்ளையோடு இருந்து பார்த்து, 'அவன் ஏனப்பு அப்பிடிச் செய்தவன்? நீயெண்டால் என்ன செய்திருப்பாய்?' என்று கேட்கும் தகப்பனும் ஒருவகையில் பயன் சொல்பவரே. பறித்து வைப்பதைவிட அது கடினமான காரியம். இரண்டரை மணித்தியாலம் இருக்க வேண்டுமல்லவா!

மகாத்மா காந்தியடிகளின் சுயசரிதையில் வரும் சிறுவயது நிகழ்ச்சிகள் இரண்டு இவ்விடத்திலே பொருந்துவன. நாடகக்குழு ஒன்று நடித்த அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்த பையன், ஏன் எல்லோரும் அரிச்சந்திரனைப் போல் இருக்கக்கூடாது என்று இரவும் பகலும் எண்ணினான். தனக்குள்ளேயே அந்நாடகத்தைக் கணக்கற்ற முறை நடித்துப் பார்த்தான். நாடகம் அக்காலத்து வெகுசனக் கலை. ஒரு பொழுதுபோக்கு, ஒரு வாழ்நாளின் சத்தியத்துக்கு வித்தாயிற்று. இது பிரசங்கங்களிலே அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது. மற்றையது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அதே பையன், உறவினனான இன்னொரு பையனோடு சேர்ந்து, சிறிய தகப்பனார் புகைத்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தான். வாயிலிருந்து புகை விடுவதில் ஏதோ இன்பமிருப்பதாகக் கற்பனை செய்ததே காரணம் என்று அவரே எழுதுகிறார். துண்டுகள் போதாமற்போகவே வேலைக்காரரின் சில்லறையைத் திருடவும் நேர்ந்தது. ஒரே உள்ளம், ஏறத்தாழ ஒரே பருவம்; மேடையிலே கண்ட அரசனின் சத்தியமும் வீட்டிலே கண்ட உறவினரின் புகையும் அதனுள்ளே அருகருகே சென்று அமர்ந்தன. நன்மை வீட்டிலிருந்தும் தீமை மேடையிலிருந்தும் வரும் என்ற கணக்கு இங்கே பிழைத்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்திலும் அரிச்சந்திரன் மேடையேறினான். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து அவர்கள் ஆலயத் திருவிழாக்களிலே மயானகாண்டம் நடித்த இரவுகளைக் கண்டவர்கள் இன்னும் உள்ளனர். கதை முழுவதும் தெரிந்த சனம், பாய் விரித்து விடியும்வரை இருந்து அழுதது. பின்னர் அதே வீதிகளிற் சினிமாப் பாட்டு இசைக்குழுக்கள் வந்தன. ஆலயம் தன் முன்றலில் எதனை ஏற்றுகின்றதோ அதனை இளையோர் நல்லதென்றே கொள்வர். எனவே, வெகுசனக் கலையின் நாயகர்களைப் பற்றி ஆலயம் குறைகூறும்போது, அவர்களுடைய பாட்டுக்களைத் தன் ஒலிபெருக்கியிலேயே கேட்கச் செய்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சினிமா நட்சத்திரங்களின் காலமும் இப்பொழுது பாதி கழிந்துவிட்டது. யூரியூப், ரிக்ரொக் வழியே வரும் பக்கத்து ஊர்ப் பையன்களே இன்றைய சிறுவர்களின் நாயகர்கள். 'வணக்கம் உறவுகளே' என்று தொடங்கும் அக்காணொளிகளிலே ஒருவகை, ஏழை வீடுகளுக்குச் சென்று புலம்பெயர் உறவுகளின் பணத்தில் உதவி வழங்குபவை. அவற்றாற் பலருடைய கூரை மாறியதும் கிணறு வெட்டப்பட்டதும் உண்மையே. அதனை மறுப்பது நன்றியின்மை. அதேவேளை, கணவனை இழந்த தாயொருத்தி கமெராவின் முன்னே அழுதழுது தன் வறுமையைச் சொல்ல, குமர்ப்பிள்ளை முகத்தை மறைத்துக்கொண்டு மூலையிலே நிற்க, காசுத்தாள்கள் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கப்படுவதையும் இலட்சக்கணக்கானோர் பார்க்கின்றனர். இதைப் பார்த்து வளரும் பிள்ளை, கொடுக்க வேண்டும் என்று கற்கின்றது. கொடுப்பதைப் பிறர் பார்க்க வேண்டும் என்பதையும் கூடவே கற்கின்றது. வாங்குபவர் அழ வேண்டும் என்பதையும் கற்கின்றது. தீய மாதிரியைக் காட்டிலும் இத்தகைய மாதிரியை எடைபோடுவதே கடினம்.

இளையான்குடிமாற நாயனார் வரலாற்றோடு இதனை ஒப்புநோக்கலாம். செல்வம் முழுவதும் போன பின்னர், மழை கொட்டும் நள்ளிரவிலே அடியார் ஒருவர் வருகிறார். வீட்டில் அரிசியில்லை. நாயனார் இருளிலே வயலுக்குப் போய், அன்று பகல் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வருகிறார். அவரே கூரையின் வரிச்சுக்களை அறுத்து விறகாக்க, மனைவியார் குழியிற் கிடந்த கீரையைச் சமைத்து அமுதளிக்கிறார். பார்த்தவர் எவருமில்லை. பார்க்கப்படாதிருந்ததே அந்த ஈகையின் உயிர்நாடி. இவ்வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லும்போது, 'நீயும் விதைநெல்லை வாரு' என்று எவரும் சொல்வதில்லை. கண்ணப்பரைப் போலக் கண்ணைத் தோண்டு என்றும் சொல்வதில்லை. நாயன்மாரின் செயல்கள் பின்பற்றுதற்கு அரியவை. பின்பற்றத்தக்கது அச்செயலைச் செய்வித்த அன்பு. ஒருவரை முன்மாதிரியாகக் கொள்வதென்பது அவருடைய வெளிச்செயலைப் பிரதி செய்வதாகாது என்பதை, சைவப் பிள்ளைகள் அறியாமலே கற்றுவந்த பாடசாலை பெரியபுராணமாகும்.

அந்நூல் பிறந்த வரலாறும் இப்பொருளோடு நெருங்கியது. 12 ஆம் நூற்றாண்டில் சோழமன்னன் அநபாயன் சீவகசிந்தாமணியிலே ஈடுபட்டிருந்ததாகவும், அவனது அமைச்சரான சேக்கிழார் அதனைக் கண்டு வருந்தியதாகவும் சேக்கிழார் புராணம் கூறும். சிந்தாமணி சிறந்த காவியம். அதனை இகழ வேண்டியதில்லை. சீவகன் அழகன், வீரன், எட்டு மணம் புரிந்தவன். அக்காலத்து அரசிளைஞர் உள்ளத்தைக் கவர்ந்த நாயகன் எனலாம். சேக்கிழார் மன்னனுடைய கையிலிருந்த ஏட்டைப் பறிக்கவில்லை, தடைச்சட்டம் கேட்கவுமில்லை. அதைவிடச் சுவையான கதையைச் சொல்லிக் காட்டினார். அவருடைய கதையிலே அரசரும் அந்தணரும் மட்டும் வரவில்லை. திருநீலகண்டர் மட்பாண்டம் வனைந்தவர், திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர், அதிபத்தர் கடலில் மீன்பிடித்தவர், கண்ணப்பர் வேட்டையாடியவர். கேட்பவனின் ஒழுங்கையிலே நாள்தோறும் எதிர்ப்படும் மனிதர்களை நாயகர்களாக்கியதுதான் அந்தப் பெருநூலின் துணிவு. 19 ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் அதனை வசனமாக்கி அச்சிட்டதும், செய்யுள் விளங்காத பிள்ளையின் கைக்கும் அது எட்டவேண்டும் என்பதற்கே.

அந்தத் துணிவு இன்றைய ஆலயங்களுக்கு உண்டா என்று இளையோர் வாய்விட்டுக் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதற்காளாஞ்சி யாருக்கு என்ற பிணக்கில் இரண்டு பெரியவர்கள் மூலஸ்தானத்தின் எதிரே குரலை உயர்த்துவதைப் பார்க்கிறார்கள். நிர்வாகசபை வழக்குக்காகப் பூசை நின்ற ஊர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறார்கள். திருவிழாவின் நிறைவுநாளிலே மேடையில் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டுப் பொன்னாடை போர்த்தப்படுவர். இராசகோபுரத்துக்கு நிதி தந்தவர், வெளிநாட்டிலிருந்து வந்த உபயகாரர், பிரதம விருந்தினர், அவருடன் வந்தவர் என்று வரிசை நீளும். ஒவ்வொரு பெயருக்கும் ஒலிபெருக்கியில் அடைமொழிகள் உண்டு. முன்வரிசை மணலிலே சம்மணமிட்டிருக்கும் சிறுவர்கள் அந்தப் பெயர்களைக் கேட்கிறார்கள். எதற்காகக் கைதட்டப்படுகிறது என்பதைக் கவனிக்கிறார்கள். முப்பது வருடமாக விடியமுன் வந்து உள்வீதியைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கும் ஆச்சி, அன்றைக்கும் விளக்குமாற்றோடு வாகனசாலைப் பக்கம் நிற்கிறார். மைக் பிடிப்பவரின் கையிலுள்ள தாளில் இன்னும் இரண்டு பெயர் எழுத இடமிருக்கிறது.